காந்தா லேமினேட் போட்ட சர்டிபிகேட்

“யாரும்மா உன்ன அதப் போயி ஃபைல்ல வெக்கச் சொன்னது?” என்று கத்தினான் நாகேஷ்.

“சர்டிபிகேட் எல்லாம் கொண்டான்னுதானேடா சொன்னாங்க! சீலு இருக்குது, டாக்டர் கையெழுத்து இருக்குது. கசங்கிடப் போவுதுன்னு லேமினேசன் வேற போட்டேன்!” அம்மா காந்தாவும் விடவில்லை.

லிங்கராஜபுரத்து அபார்ட்மெண்டின் கீழ்த்தள ஆபீஸில் இந்தச் சண்டை நடந்தபோது, முதல் மாடி பால்கனியில் துணி காயப்போட்டவர்கள் ஒரே துணியை மூன்று தடவை உதறினார்கள்.

நாகேஷ் நல்ல எலக்ட்ரீஷியன். கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டு எட்டு மாதம் ஜெயில், அப்புறம் ஆறு மாதம் போதை மறுவாழ்வு மையம். வெளியே வந்து ஒரு வருஷமாகத் தொடவில்லை. ஆனால் மால், ஃபேக்டரி, மூட்டை தூக்கும் குடோன் என்று போன இடமெல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டார்கள். “கேஸ் இருக்கா? சரி, போன் பண்றோம்.” பண்ணவே இல்லை. பழைய கூட்டாளிகள் மட்டும் தினமும் போன் பண்ணினார்கள். அவர்கள் சர்டிபிகேட் கேட்பதில்லை.

காந்தா பாத்திரம் தேய்க்கும் வீட்டு சேஷகிரிதான் அபார்ட்மெண்ட் சங்கத்தின் செக்ரட்டரி. அரசாங்க உத்தியோகத்தில் ரிட்டயர் ஆனவர். பல்பு மாற்றுவதற்கும் தீர்மானம் போடுகிறவர். எலக்ட்ரீஷியன் வேலை காலி என்றதும் காந்தா அவரிடம் கெஞ்சினாள். ஃபைல் கேட்டார். மையம் கொடுத்த ‘சிகிச்சை முடித்தார்’ சர்டிபிகேட்டை முதல் தாளாக வைத்தாள். பத்தாவதில் ஃபெயிலான மகன் பாஸ் பண்ணியது அது ஒன்றுதானே! சேஷகிரி கேட்கக் கேட்க, ஜெயில் கதையும் வெளியே வந்துவிட்டது. அதில் மூண்டதுதான் அம்மா மகன் சண்டை.

“குழந்தைகள் இருக்கற இடம், காந்தா. ஜெயிலுக்குப் போனவனை வீட்டுக்கு வீடு எப்படி விடறது? ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு.”

சாப்பிடக் கூப்பிட வந்த அவர் மனைவி கோமளம் ஃபைலை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. காரணம் பாதி அபார்ட்மெண்டுக்குத் தெரியும். பேரன் ரித்விக் ஆறு மாதம் ‘பூனாவில் ப்ராஜெக்ட்’ பார்த்தது இதே மையத்தில்தான். அவனுக்கு ஏசி ரூம், நாகேஷுக்குப் பொது ஹால். ரித்விக் பிடிபட்டதும் இதே மாதிரிப் பொட்டலத்தோடுதான். வக்கீல் முந்திக்கொண்டதால் கேஸ் ஆகவில்லை. இப்போது பெரிய ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர்.

“ஏன்னா, இதே காகிதம் நம்மாத்து பீரோவிலயும் இருக்கே.”

“கோமளம், நீ மேல போ.”

“போறேன். கேட்டுட்டே போறேன். நம்மாத்துப் பிள்ளை திருந்திட்டான்னா நம்பறோம். இவ பிள்ளை திருந்தி வந்தா ரூல்ஸ் பேசறோம். தண்டனையை அவன் ஜெயில்லயே முடிச்சுட்டு வந்துட்டான். வேலை குடுக்காம துரத்தறோமே, அவனை மறுபடி பொட்டலத்துக்கிட்ட அனுப்பறது நாமதான்!”

காந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சேஷகிரி தொண்டையைக் கனைத்து, “கமிட்டியில வெக்கறேன்” என்றார்.

வைத்தார். ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். ஆதரவாக சேஷகிரி ஒருவர்தான் கை தூக்கினார், அதுவும் தோள் உயரம் வரைக்கும்.

தை மாதத்தில் ரித்விக்குக் கல்யாணம் நடந்தது. பெண் ஷ்ரேயா. பெண் வீட்டார் ஜாதகத்தை மூன்று ஜோசியரிடம் காட்டியிருந்தார்கள், வேறொன்றும் விசாரிக்கவில்லை. இருவரும் கனடா போய்விட்டார்கள்.

நாகேஷ் ஊருக்கு வெளியே சந்தாபுராவில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் இருக்கிறான். கடைக்கார ரங்கா பழைய கதை எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. காந்தாவும் அங்கேயே குடிபோய்விட்டாள். லிங்கராஜபுரத்து ஆள் யாராவது கடைப் பக்கம் வந்தால், கையில் இருக்கும் மோட்டாரை அப்படியே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொள்கிறானாம்.