மரவள்ளிச் சரிவு

தாடையைக் கட்டத் துணி இல்லை. ஜப்பான்காரன் காலத்து மலாயாவில், கஜா பெராங்கில் உயிரோடு இருப்பவர்களுக்கே துணி இல்லாதபோது, செத்தவருக்கென்று யார் எடுத்து வைத்திருப்பார்கள்? சந்திரமதி, இறந்துபோன கணவன் தம்பிராஜாவின் பெட்டியைத் திறந்து, வரைபடம் போடும் பசைத்துணி ஒன்றை எடுத்து வெந்நீரில் அலசினாள். பசை போனதும் நல்ல வெள்ளைத் துணியாகிவிட்டது. அதைக் கிழித்து அவர் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் லாரி வந்து நின்றது.

இறங்கியவர் கலியாணசுந்தரம், சுரங்கத்துக் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர். சாவுக்கு வந்தவரில்லை, செத்ததே அவருக்குத் தெரியாது. வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் படம் வரைபவராக இருந்தார் தம்பிராஜா. நெஞ்சு கெட்டுப்போய், இனி உதவமாட்டார் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் முடிக்காமல் விட்டுவந்த வேலையைப் பற்றிக் கேட்டுவரத்தான் ஜப்பான் துரை மண்டோரை அனுப்பியிருந்தான். உடலைக் கண்டதும் மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அந்த வேலை என்னவென்று சந்திரமதிக்குத் தெரியும். தெரியாமல் எப்படி? படுத்த படுக்கையிலும் அதையேதான் அரைத்துக்கொண்டிருந்தார். புதிதாக வெட்டப்போகும் கரிக்குள்ளே கெட்ட வாயு அடைந்து கிடக்கிறது. ஒரு பொறி பட்டால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் சாம்பல். ஆட்களை இறக்கும் முன் குன்றின் மேலிருந்து ஆழமாகத் துளைகள் போட்டு அதை வெளியேற்ற வேண்டும். துளைபோடும் இயந்திரம் குன்றில் ஏற ரோடு வேண்டும். முட்டியை மடக்கிப் போர்வையைக் குன்றாக்கி, அதன்மேல் புளியங்கொட்டைகளை வைத்து இடம் பார்ப்பார். அவள் கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தால், குன்று ஆடுகிறது என்று கோபம் வேறு வரும்.

துளைகளுக்கு இடம் முடிவாகிவிட்டது. ரோடுதான் முடிவாகவில்லை. சதுப்பைச் சுற்றிப் போட்டால் மழைக்காலம் முடியும்வரை இழுக்கும். துரை அதுவரை பொறுக்கமாட்டான். துளை இல்லாமலே ஆட்களை இறக்கிவிடுவான். சரிவின் குறுக்கே போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சரிவு முழுக்கக் கூலிக் குடும்பங்களின் மரவள்ளி. அரிசி கண்ணில் படாத நாளில் அதுதான் அவர்கள் சாப்பாடு. தம்பிராஜா இரண்டு ரோட்டையும் வரைந்துவிட்டு, இரண்டில் எதையும் அடித்துவிட மனம் வராமல் வந்துவிட்டார். கண்மூடும்வரை இதுவா அதுவா என்று வாயைத் திறக்கவில்லை.

சந்திரமதியின் உடன்பிறந்த தம்பி தேவதாஸ் அந்தச் சுரங்கத்தில்தான் கரி வெட்டுகிறான்.

எடுப்பதற்கு நேரமானபோது மண்டோர் அவளருகில் வந்து குனிந்தார்.

"அண்ணி, ரோட்டப் பத்தி அண்ணன் ஏதாச்சும் சொன்னாங்களா? நான் போய்ச் சொல்றததான் தொர கேப்பாரு."

கேட்டுவிட்டு, தன் வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சரிவுக் கிழங்கைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். சுற்றுவழி என்ற ஒரு சொல்லுக்காக அவர் காத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. உடல் வீட்டில் இருக்கும்போது, செத்தவரின் கடைசிச் சொல் என்று ஒன்று வெளியே வந்துவிட்டால் யாரும் அதைத் தட்டமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மண்டோரின் சட்டைக்குள் தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு தேவதாஸை நினைத்தாள். அவனை மட்டும் நினைத்ததற்காக வெட்கப்பட்டு, அவனோடு இறங்குகிற மற்றவர்களையும் நினைத்தாள்.

"சொன்னாரு தம்பி. குறுக்கால போட்டுருங்கன்னாரு. கெழங்கு முத்தலன்னாலும் பரவால்ல, எல்லாரையும் மொதல்ல புடுங்கிக்கச் சொல்லுங்கன்னாரு. ஆள் எறங்குறதுக்குள்ள கெட்ட காத்து வெளிய போயிரணுமாம்."

"அண்ணனா சொன்னாங்க?"

"வேற யாரு சொல்லப்போறா?"

மண்டோர் நிமிர்ந்தார். தம்பிராஜாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது துக்கம் விசாரிக்க வந்தவரின் பார்வையாக இல்லை. சந்திரமதியும் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அங்கே கூலிகள் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் துரையிடம் போய் லீவு கேட்டுக்கொடுத்த மனிதர். நாளை முதல் அதே லயத்துப் பெண்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டே அவரைத் திட்டுவார்கள். வழிக்குக் கட்டுச்சோறு கட்டுவதுபோல, போகிறவருக்குச் சாபத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அவள் அழவே இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் இப்போதாவது அழுகிறாளே என்று ஆறுதலோடு அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், சொன்னது நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

பாடை தூக்க ஆள் போதவில்லை. வாலிபர்களில் பாதிப் பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். தெருவில் லாரிக்காரன் ஹாரனை அடித்தான். மண்டோர் தொப்பியை மாட்டிக்கொண்டு லாரிவரை போனார். ஏறாமல் டிரைவரிடம் ஏதோ சொன்னார். தொப்பியை இருக்கையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, தலைமாட்டுப் பக்கம் காலியாக இருந்த கொம்புக்குக் கீழே நுழைந்தார்.

சந்திரமதி வாசலில் நின்று பார்த்தாள். மண்டோர் குள்ளம்; அவர் பக்கம் பாடை இறங்கியிருந்தது. கொஞ்சம் தூக்குங்கள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் கொம்பைத் தோளிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தார்.