ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

திங்கட்கிழமை காலை பக்கத்து நாட்டுப் படை எல்லைப் பாலத்தைக் கடந்து உள்ளே வந்தது. காவலில் இருந்த பன்னிரண்டு சிப்பாய்களுக்கு வழிவிடச் சொல்லி யாரும் உத்தரவு அனுப்பவில்லை. அவர்கள் சுட்டார்கள். அரை மணி நேரத்தில் ஐந்து பேர் செத்தார்கள். மிச்சம் ஏழு பேரையும் வந்தவர்கள் பிடித்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவன் தட்டச்சுக்காரியின் தம்பி.

அவள் வெளியுறவுத் துறையின் சட்டப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தாள். அங்கே இயக்குநருக்கு ‘மேதாவி’ என்று பேர். மேதாவி மூன்று நாள் அலுவலகப் பக்கமே தலைகாட்டவில்லை. யார் கை ஓங்குகிறது என்று பார்த்துவிட்டு, வியாழக்கிழமை மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, அவளிடம் ஒரு தாளை நீட்டினார். தனக்கு எதிராகக் கிளம்பிய உள்நாட்டுக் கலகக்காரர்களை அடக்கப் படை அனுப்பி உதவுமாறு பக்கத்து நாட்டை அதிபர் கேட்கும் கடிதம்.

“ஞாயித்துக்கிழமை தேதி போடும்மா.”

“இன்னைக்கு வியாழன் சார்.”

“நாம கூப்பிட்டு வந்தாங்கன்னா இது உள்நாட்டுச் சண்டை. அவங்க ஒத்தாசைக்கு வந்தவங்க. கூப்பிடாம வந்தாத்தான் நாட்டுக்கு நாடு போர்.”

“அப்ப பாலத்துல சுட்டவங்க?”

“போர்னா அவங்க போர்க்கைதி. சுட்டதுக்கு வழக்குப் போட முடியாது, முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பணும். ஒத்தாசைக்கு வந்தவங்களைச் சுட்டிருந்தா கொலைக் கேஸ்.”

பல் குத்திக்கொண்டே சொன்னார். அவள் தம்பி அந்த ஏழு பேரில் ஒருவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவள் வியாழக்கிழமைத் தேதி போட்டே அடித்துக் கொடுத்தாள். மேதாவி அதைக் கசக்கி எறிந்துவிட்டு, தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் தட்டினார். நாட்டை எழுதிக் கொடுப்பதற்கு அவ்வளவு வியர்வை.

அன்று மாலையே அவள் சிப்பாய்களுக்காக வாதாட முன்வந்த வக்கீலம்மாவிடம் போனாள். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

“வேலை போயிடும்மா.”

“போகட்டும். இனிமே அந்த ஆளு மூஞ்சியில முழிக்க வேண்டியதில்ல.”

வேலை போனது. பக்கத்து நாட்டு நீதிபதி அவள் வாக்குமூலத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதிபரின் கடிதம் இருக்கும்போது ஒரு தட்டச்சுக்காரியின் சொல் எதற்கு? ஏழு பேருக்கும் தலைக்கு இருபது வருடம்.

படை நுழைந்த ஏழாம் மாதம் அதிபர் நாட்டை விட்டு ஓடினார். புதிய அரசு அந்நியப் படையை வெளியேறச் சொன்னது. படை நகரவில்லை, சண்டை மூண்டது. மேதாவி மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். இப்போது யாரும் யாரையும் அழைக்கவே இல்லை என்று நிரூபிப்பது அவர் வேலை. அவள் புதிதாக வேலைக்கு நின்ற மருந்துக் கடைக்கே வந்தார்.

“சர்வதேச விசாரணைக் குழு முன்னாடி நீதாம்மா சாட்சி சொல்லணும்.”

“சொல்றேன். யார் தட்டினதுன்னும் சொல்வேன்.”

“அது... அவசியமா?”

அவள் சொன்னாள், அவரைப் பின்வரிசையில் வைத்துக்கொண்டே. படை நுழைந்த அன்று சம்மதம் என்று ஒன்று இருக்கவில்லை, ஏழு பேரும் போர்க்கைதிகள்தான் என்று குழு முடிவு சொன்னது. போர்நிறுத்தம் வந்ததும் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

தம்பி இரண்டு பல் குறைந்து பஸ்ஸிலிருந்து இறங்கினான். வரவேற்பு வரிசையின் முதல் ஆளாக மேதாவி பூங்கொத்தோடு நின்றார்.

“யாருக்கா இவர்?”

“உன்னைக் கொலைகாரன் ஆக்கினவர்,” என்றாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். “இவரா?” என்று கேட்டுவிட்டு அக்காவோடு நடந்தான்.