மாடுகளுக்குச் சொன்ன பெயர்

1

இந்தக் கதை நான் கட்டியது இல்லை, கண்ணுகளா. சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. ஃப்ரீடா மாவைச் சதுரம் சதுரமாக வெட்டித் தள்ள, நான் நடுவில் பாலாடைக்கட்டியை வைத்து மடித்து ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். உப்பு எங்கே என்று கேட்பதுபோல அவள் சொன்னாள்: "எங்க மாமனார் வீட்டுல ஒரு பெரியவர், தான் செத்த சேதியைத் தன் காதாலயே கேட்டார், தெரியுமா?"

என் கையிலிருந்த மாவு தரையில் விழுந்தது.

"போகட்டும், அதைப் போதகர் தட்டுல வச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கதையையும் வெட்டிக்கொண்டே சொல்லி முடித்தாள். அன்றிலிருந்து அதை எழுதிப் பார்க்கிறேன். மாவு விழுந்த அந்த நொடியைத் தாண்டி என்னால் இன்னும் சரியாக மூச்சுவிட முடியவில்லை.

டகோட்டாச் சமவெளியில் அந்த ஜனவரிப் புயல் வானத்தையும் பூமியையும்

(அடித்துவிட்டேன். புயலில் தொடங்கினால் நீங்கள் புயலையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.)

ஒட்டீலியா நல்ல மனசுக்காரி, ஒருபோதும்

(இதையும் அடித்துவிட்டேன். அவள் நல்லவளா இல்லையா என்பதுதானே எனக்கே தெரியாதது!)

2

சரி, தெரிந்ததைச் சொல்கிறேன். ஒட்டீலியாவுக்கு முப்பது தாண்டிவிட்டது, கல்யாணமாகவில்லை. கருங்கடல் ஓரத்தில் ஜெர்மன்காரர்கள் போய்க் குடியேறியிருந்த ஒரு கிராமத்திலிருந்து அப்பா கிறிஸ்டோஃபோடு டகோட்டாவுக்குக் கப்பலேறியபோது சிறுமி. இந்தப் புல்வெளியை முதன்முதலில் ஏர் பிளந்தபோது எருதுகளுக்கு முன்னால் நடந்தவள் அவள்தான். அம்மா போன பிறகு பால் கறந்தது, கோதுமை விதைத்தது, குளிர்கால அடுப்புக்குச் சாணத்தை மிதித்து வறட்டியாக வெட்டி அடுக்கியது எல்லாம் அவள்.

தம்பி லூட்விக்குக்கு டவுனில் தானியக் கிடங்கில் வேலை, காலர் வைத்த சட்டை. நிலம் அவனுக்குத்தான். அப்பா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மகன் என்று ஒருவன் இருக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஒட்டீலியாவுக்குமா தோன்றவில்லை? ஃப்ரீடாவிடம் கேட்டேன். "அதை யாரு அவகிட்ட கேட்டா?" என்றாள்.

3

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி நாலைந்து நாளாக நினைவில்லை. புயலில் டவுனுக்கு ஆள் அனுப்ப வழியில்லை. வீட்டில் ஒட்டீலியாவும் அப்பாவின் தங்கை ரோசினா அத்தையும்தான். காலையில் கஞ்சி கொண்டுபோன அத்தை கத்தினாள்.

"ஏய் ஒட்டி! அண்ணனுக்கு மூச்சைக் காணோம்டி!"

தலையணையிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி மூக்கருகே பிடித்தார்கள். அசையவில்லை.

(முதல் வரைவில் இறகைப் பிடித்தது ஒட்டீலியா, அதுவும் கொஞ்சம் தள்ளியே பிடித்தாள். எழுதியதும் என் கையே கூசியது. இந்த வரைவில் அத்தை பிடிக்கிறாள். அத்தைக்குக் கண் மங்கல். யார் பிடித்தது என்று ஃப்ரீடா சொல்லவில்லை.)

சாவு வீட்டு வழக்கப்படி அத்தை கடிகாரத்தை நிறுத்தினாள். கண்ணாடிமேல் துணியைப் போட்டாள். ஆன்மா வெளியே போவதற்காக ஜன்னலை அகலத் திறந்தாள். பனி கட்டில்மேல் கொட்டியது.

"நிக்காதடி. போய் மாடுங்ககிட்ட சொல்லு."

"தம்பி வந்து சொல்லட்டும் அத்தை. அவன்தானே சொல்லணும்?"

"அவன் வர்றவரைக்கும் மாடு காத்திருக்குமா? எங்க ஊர்ல ஒருத்தன் சொல்லாம விட்டான். பனி உருகறதுக்குள்ள கொட்டில் காலி. போ! புது எஜமான் பேரைத் தெளிவாச் சொல்லு, முணுமுணுக்காத."

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: எஜமான் செத்தால் மாடுகளிடம் சேதி சொல்ல வேண்டும், அடுத்தவர் பெயரோடு. சொன்னால் சொன்னதுதான், செத்தவராகச் சொல்லப்பட்டவர் மறுபடி எஜமானாக வழி கிடையாது. இதைக் கேட்டு இந்தப் பக்கத்தில் யாரிடமாவது சிரித்துவைக்காதீர்கள். அப்புறம் உங்களுக்குக் காப்பி ஊற்ற மாட்டார்கள்.)

4

வீடும் கொட்டிலும் ஒரே கூரை, நடுவில் ஒரு மண்சுவர். உள்கதவைத் திறந்துகொண்டு போனாள். மாடுகளின் சூடு முகத்தில் அடித்தது. எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"உங்க எஜமான் செத்துட்டார்" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. "இனிமே உங்களுக்கு எஜமான்..."

(இந்த மூன்று புள்ளியில் ஒரு மாதம் நின்றேன்.)

"...நான்."

சத்தியமாக இது என் கற்பனை இல்லை. கதையை எத்தனை தரம் கேட்டாலும் ஃப்ரீடா இந்தச் சொல்லை மட்டும் மாற்றவில்லை. யார் பேசியது என்று ஒட்டீலியாவே பின்னால் திரும்பிப் பார்த்திருப்பாள். யாரும் இல்லை. பசுக்கள் அசைபோட்டன. அவள் இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கச் சொன்னாள்: "நான்தான்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குத்து விழுந்தது.

சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. மறுபடி ஒரு குத்து. "ஐயோ யேசுவே!" என்று அத்தையின் அலறல்.

5

ஓடிவந்து பார்த்தால், அத்தை ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு அலமாரியோரம் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா தாடியெல்லாம் பனியோடு, முஷ்டியைச் சுவரில் வைத்தபடி, இருமித் தள்ளுகிறார். ஜன்னல் வழியாக வந்த குளிர்தான் அந்த நெஞ்சை உதைத்து எழுப்பியிருக்க வேண்டும்.

"ஜன்னலைச் சாத்துங்கடி! ஆளைச் சாகடிக்கவா பாக்கறீங்க?"

சாத்தினாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"மாடுங்க என்ன சொல்லிச்சு?"

திட்டியிருந்தால் ஒட்டீலியா தாங்கியிருப்பாள்.

"சுவத்துல காது வச்சாப்பல கேட்டுச்சுடி" என்றாள் அத்தை, ஏப்ரனுக்குள்ளிருந்தே. "எனக்கும்."

6

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃப்ரீடாவுக்கு இந்தக் கதையைச் சொன்னது அவளுடைய மாமியார்; அதாவது லூட்விக்கின் மனைவி. கதை அந்த வீட்டு வழியாகத்தான் என்னிடம் வந்தது. கொட்டிலில் நின்றவள் தன் பங்குக்கு என்ன சொல்வாள் என்று எழுதப் பார்த்தேன்:

"அந்தச் சொல் எனக்குள்ளே பல வருஷமாய்ப் படுத்திருந்த

(தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மனம் வரவில்லை.)

7

புயல் ஓய்ந்ததும் லூட்விக் பனிச்சறுக்கு வண்டியில் வந்தான். புயலுக்கு முன்பே அப்பாவின் இருமலைக் கேட்டுவிட்டுப் போனவன், முன்யோசனையாகக் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தான். உள்ளே நுழைந்தால் அப்பா மேஜையில் நூடுல்ஸ் சூப் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.

"அப்பா! நீங்க..."

"ஏன்டா, கோட்டு வீணாப்போச்சா?"

அவன் சிரிக்க வாயெடுத்தான். அதற்குள் அத்தை உளறிவிட்டாள். "மாட்டுக்குச் சொல்லியாச்சுடா தம்பி."

காலர் சட்டை போட்டவனுக்கும் முகம் வெளுத்தது. மெல்ல உட்கார்ந்தான். "யார் பேரை அக்கா சொன்னே?"

அத்தை ஏப்ரனைத் திரும்பவும் தலைமேல் இழுத்துக்கொண்டாள். பிறகு அவனே தணிந்த குரலில் சொன்னான்: "கிடங்கை மூடறாங்க அக்கா. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இங்கயே வந்துடலாம்னு இருந்தேன்."

8

இந்த இடத்துக்கு நான் இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் அப்பா, "உன் பேரைத்தான்டா சொன்னா" என்று பொய் சொல்லி அவளைக் காப்பாற்றுகிறார். படிக்க இனித்தது, அடுப்பில் போட்டேன். இன்னொன்றில் உண்மையைச் சொல்லி, தம்பிக்கு நிலத்தையும் அவளுக்குக் கதவையும் காட்டுகிறார். அதைப் போட அடுப்புகூட வேண்டியிருக்கவில்லை, கையே கிழித்துவிட்டது.

அவர் நிஜமாகச் சொன்னது என்று ஃப்ரீடா சொன்னது இதுதான். கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாதி செத்துக் கிடந்தவன் காது. நம்ப முடியாது. ஒட்டி, மறுபடி போய்ச் சொல்லு. நாங்க மூணு பேரும் சுவத்தோரம் நிக்கறோம். இந்தத் தடவை நீ எந்தப் பேரைச் சொல்றியோ அந்தப் பேருக்குத்தான் நிலம்."

"அப்பா, நீங்க உயிரோட இருக்கீங்க!" என்று லூட்விக் கத்தினான். "நீங்களே சொல்லுங்களேன்!"

"மாடுங்களுக்கு நான் செத்தவன்டா. செத்தவன் பேச்சு கொட்டில்ல எடுபடாது."

அது கோபமா, கருணையா, பழிவாங்கலா? எனக்குப் புரியவில்லை கண்ணுகளா. மகளுக்கு வேறு எந்த வழியும் விடாமல், எல்லா வழியையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டார் மனிதர்.

9

நிலம் யார் கைக்குப் போனது என்று விசாரித்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். முடியாது. வறட்சியில் மேல்மண்ணே புழுதியாகப் பறந்த வருஷங்களில் கடனுக்காக அதை பேங்க் எடுத்துக்கொண்டது. அதற்கு முந்திய நிலவரத்தை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். ஃப்ரீடாவின் மாமியார் இந்த இடம் வந்ததும் எழுந்து அறையைவிட்டுப் போய்விடுவாளாம்.

அதனால் எனக்கு எட்டியது இவ்வளவுதான். ஒட்டீலியா உள்கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாடுகள் திரும்பிப் பார்க்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா, தம்பி, அத்தை. மூன்று பேரும் மூச்சுவிடும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. "இனிமே உங்களுக்கு எஜமான்" என்று ஆரம்பிக்கிறாள்.

பேனாவை நான் வைத்துவிட்டேன். பெயரை நீங்கள் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம், கண்ணு. வாய்விட்டு, சுவர் தாண்டிக் கேட்கிற மாதிரி.