இரண்டு நாய்கள், ஒரு ஸ்கூட்டர்

நான் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குகிறவன். பிள்ளைகள் இரண்டு. ஒருவருக்கு மட்டும் வாங்கினால் இன்னொருவர் முகம் தொங்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்காது. சின்னவளுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று மூக்குக்கண்ணாடி வாங்கியபோது பெரியவனுக்கும் ஒன்று வாங்கினேன். அவன் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. பவர் இல்லாத வெறும் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு பெரிய ஆபீசர் மாதிரி திரிந்தான்.

நாய்க்குட்டிகளும் அப்படித்தான் வந்தன. நான் கடைகளுக்கு ஷட்டர் பழுது பார்க்கிறவன். ஒரு குடோனில் ஷட்டர் பாதியில் நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாய் குட்டி போட்டுவிட்டுச் செத்துக் கிடக்கிறது. இரண்டு குட்டிகள் மிச்சம்.

"இதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க பெரியவரே, புண்ணியமாப் போகும்" என்றான் காவலாளி.

என் வீட்டில் வைத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. நாய் தின்னும், குரைக்கும், ஒருநாள் செத்து நம்மை அழ வைக்கும். ஆனால் சின்னவள் தனியாக இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்கிறாள், அது வேறு சண்டை. அவள் வீட்டுப் பூட்டைப் பார்த்திருக்கிறேன், பலமாகத் தும்மினால் திறந்துகொள்ளும். அவளுக்கு நாய் தேவை. அவளுக்குக் கொடுத்தால் பெரியவனுக்கும் கொடுக்க வேண்டும். முழுக்கறுப்பு அவளுக்கு, வெள்ளைக்கால் அவனுக்கு. வேண்டுமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கு யாரும் எதையும் கேட்டுக் கொடுத்ததில்லை.

குட்டிகள் வளர்ந்து நாயாகி நிற்கிற காலத்தில் ஒரு வாரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சின்னவள் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள். வேறு ஊரில் புதிதாகத் திறக்கிற சமையலறைக்கு அவளையே பொறுப்பாகப் போகச் சொன்னார்கள். தங்க இடம் தருகிறார்கள், கீழே ஆட்கள் தருகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளோ "வேணாம், போகல" என்கிறாள். ஏன் என்றால் வாய் திறப்பதில்லை. இத்தனை காலம் அடுப்படியில் நின்று வெந்தவள், கைக்கு வந்ததைச் சும்மா தட்டிவிடுவாளா? பின்னால் ஏதோ இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

"பெரியவன்கிட்டச் சொல்லிப் பாக்கறேன். அவன் சொன்னா கேப்பா" என்றேன் என் வீட்டுக்காரியிடம்.

"போயிட்டு வாங்க. நான் போன் பண்ணி, நீங்க வரீங்கன்னு சொல்லிடறேன்."

நான் எங்கே கிளம்பினாலும் இவள் போனை எடுத்துவிடுவாள். அதில் எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. வயசாகிறது, கூர் மழுங்குகிறது.

பெரியவன் கண்ணாடிக்கடையில் கண்ணாடி வெட்டுகிறான். மூன்றாவது மாடியில் வாடகை வீடு. நான் போனபோது வெள்ளைக்கால் வாசற்கதவை ஒட்டிப் படுத்து, கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். ஷட்டர்காரன் எதையும் அடியில்தான் பார்ப்பான், துரு அங்கேதான் பிடிக்கும். கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன். விலைச்சீட்டு ஒட்டியது ஒட்டியபடி, ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது. தினம் தண்ணீர் சிந்துகிற கிண்ணத்தில் காகிதம் எப்படி நிற்கும்?

"புதுசாடா?"

"ஆ... ஆமாப்பா. பழசு ஓட்டை."

அந்த நேரம் தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. நாய் சரசரவென்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

"ஏண்டா இப்படிப் பயப்படுது?"

"அதுக்குச் சத்தம்னா ஆகாதுப்பா."

"ஷட்டர் போடற சத்தத்துல பொறந்தது. அதுக்கா சத்தம் ஆகாது?"

மருமகள் டீயோடு வந்து பேச்சை மாற்றினாள். சின்னவள் வேலையைப் பற்றிக் கேட்டேன். "அவ இஷ்டம்பா, வற்புறுத்தாதீங்க" என்றான் பெரியவன், தரையைப் பார்த்துக்கொண்டு. தரையைப் பார்த்துப் பேசுகிறவன் எவனையும் நான் நம்பியதில்லை, நான் பெற்றவனாக இருந்தாலும்.

வழியெல்லாம் யோசனை. நான் கொடுத்த நாயை விற்றுவிட்டானா? வாடகைக்கு ஒரு நாயைப் பிடித்துவந்து காட்டுகிறானா? ஆனால் அந்தக் கால் அதே வெள்ளைக்கால்தான். ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததில் பாய் கிழிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் ஷட்டர் வேலை என்று பொய் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். முதலில் கண்ணாடிக்கடைக்கு எதிரே நின்று பார்த்தேன். பெரியவன் மேசைமேல் கண்ணாடியைப் போட்டு அளந்துகொண்டிருந்தான். அங்கிருந்து நேராக அவன் வீட்டுக்கு ஏறினேன்.

கதவைத் திறந்த மருமகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா! அத்தை போனே பண்ணலையே!"

"நாய் எங்கம்மா?"

"அது... குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போயிருக்காரு."

"யாரு? உன் புருஷனா? அவனை இப்பத்தான் கடையில பாத்துட்டு வரேன். நாய் கண்ணாடியா வெட்டுது?"

அவள் சேலை முனையைத் திருகினாள். நான் இறங்கிவிட்டேன். கீழே வீட்டுச் சொந்தக்காரர் மீட்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி நாயைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நாயா? என் கட்டிடத்துலயா? எலி வளத்தாக்கூட நான் விடமாட்டேனே! யாரு சொன்னது?"

"வேற கட்டிடம் போல" என்று நடந்துவிட்டேன். மகன் பொய்யனாக இருக்கலாம். அதற்காக அவன் குடியிருக்கிற வீட்டை நானே பறிக்க முடியுமா?

உன் அண்ணன் செய்த வேலையைப் பார் என்று சொல்லத்தான் சின்னவள் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் தள்ளினேன். பின்கட்டில் இரண்டு நாய்கள், எது தலை எது வால் என்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. சின்னவள் வேலைச் சட்டையோடு குத்துக்காலிட்டு இரண்டு கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடி நசுங்கி, சொறி பிடித்த கிண்ணங்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அம்மா போன் பண்ணலையே."

"ஓகோ. அவளும் கூட்டா?"

"உக்காருங்கப்பா."

"நிக்கறேன். சொல்லு."

"நீங்க குடுத்த மறுவாரமே அண்ணன் கொண்டாந்து விட்டுட்டான். அவன் வீட்டுக்காரர் ஒத்துக்கல. நீங்க அவன் வீட்டுக்குப் போறப்ப அம்மா சொல்லும், அவன் ஸ்கூட்டர்ல தூக்கிட்டுப் போவான். நீங்க இங்க வந்தா பக்கத்து வீட்டுல விட்டுடுவேன்."

"என்கிட்டச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா என்ன செய்வீங்க? அவனுக்கு வேற ஒண்ணத் தூக்கிட்டு வருவீங்க. இல்லன்னா நான் குடுத்தத மதிக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுப்பீங்க. நீங்க வாங்கிக் குடுத்த மிக்சிய அண்ணி மாத்தினதுக்கு எத்தன மாசம் பேசாம இருந்தீங்க?"

அந்த மிக்சி நல்ல மிக்சி. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"நீங்க ரெண்டு பேருக்கும் சமமாத்தான் குடுத்தீங்கப்பா. குறையே சொல்லல. காலையில ரெண்டையும் நடத்தறது, கறி வேகவைக்கிறது, ஊசி போடக் கூட்டிட்டுப் போறது, எல்லாம் நான். ஒரு கல்யாணத்துக்குப் போயித் தங்க முடியல. அண்ணன் பாவம், வந்து தடவிக் குடுத்துட்டுப் போவான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கிண்ணத்தைத் தேய்த்தபடி, காய்கறி விலை சொல்வது மாதிரி சொன்னாள்.

"அந்த ஊருக்குப் போகாதது இதுக்குத்தானா?"

"அங்க தங்கற எடத்துல நாய் கூடாது. இதுங்கள எங்க விடச் சொல்றீங்க, தெருவுலயா?"

நான் வாசல் கேட் வரை போனேன், திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். ஒருவரைத் திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? எனக்குப் பயந்து ஒரு குடும்பமே நாய்க்கு ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறது. கடைசியில், "ஒண்ண நான் வச்சுக்கறேன். இன்னொண்ண வேற யாருக்காவது..." என்று ஆரம்பித்தேன்.

"பிரிச்சா ரெண்டும் சாப்பிடாது. அண்ணன் தூக்கிட்டுப் போற அன்னிக்குக் கறுப்பி வாசல விட்டு நகராது. வெள்ளைக்காலு ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே போயி ஒளிஞ்சுக்கும்."

கட்டிலுக்கு அடியில் புகுந்த அந்த நாய் என் கண்முன்னால் வந்தது.

கொடுத்ததைத் திருப்பி வாங்கிய வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு வாங்கினேன். இரண்டு கயிற்றையும் அவிழ்த்து என் கையில் சுற்றினேன்.

"அந்த வேலைக்கு வரேன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொல்லு. என் முன்னாடியே சொல்லு."

"உங்களுக்குத்தான் நாயே ஆகாதேப்பா!"

"எனக்கு மனுஷங்களே ஆகாது. சமாளிக்கலையா?"

அவள் சிரித்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போன் செய்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் நின்று கேட்டேன்.

வீடு வந்து சேர்வதற்குள் என் முட்டி கழன்றுவிட்டது. ஒன்று இந்தப் பக்கம் இழுக்கிறது, மற்றது அந்தப் பக்கம். வாசலில் நின்ற என் வீட்டுக்காரி நாய்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனை மெதுவாக இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனிமே யாருக்குப் போன் பண்ணுவ?" என்றேன்.

"நாய்க்கு" என்றாள்.

பெரியவனை வரச் சொன்னேன். வந்ததும் மன்னிப்பு, கின்னிப்பு என்று இழுத்தான். நிறுத்தினேன். "நாய் இனிமே என்னுது. சாயங்காலம் நடத்தறது உன்னுது. என் முட்டிக்கு ஆகாது. தினமும் வரணும்."

"வரேம்பா."

"தரையப் பாக்காமச் சொல்லு."

சொன்னான்.

"சின்னவளுக்குச் சாமான் ஏத்த வண்டி வைக்கணும், காசு நான்தான் குடுக்கணும். அப்ப பெரியவனுக்கும் ஏதாவது..." என்று அவன் போனபிறகு என் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

நாய்களுக்குத் தண்ணீர் வைக்க எழுந்து போனேன்.

சின்னவள் ஊருக்குப் போன அன்று சாயங்காலம், வீட்டை ஒட்டியிருக்கிற என் பட்டறையில் ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கடை மூடுகிற நேரம் வந்தது, போனது. ஒரு ஸ்பிரிங்கை எடுத்தேன், வைத்தேன். இரண்டு நாய்களும் பெஞ்சுக்கு அடியில் கிடந்தன. தெருவில் எந்த வண்டிச் சத்தமும் இல்லை.

"வருவான்" என்றாள் இவள்.

"கிழிப்பான்" என்றேன்.

வெள்ளைக்கால் தலையைத் தூக்கியது. வால் தரையில் அடித்தது. குனிந்து வெளியே பார்த்தேன். பெரியவன் சட்டையெல்லாம் வியர்த்து நனைய, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"வண்டி ரிப்பேராடா?"

"இல்லப்பா. முனையிலேயே அணைச்சுட்டேன். அது பயப்படும்ல."

கயிறு இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்து அவனை இழுத்துக்கொண்டு ஓடின. நாளைக்கும் வருவானா? சத்தியமாக எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் அந்த நேரத்துக்கு ஷட்டரை மறுபடி பாதி ஏற்றி வைத்தேன்.