ஹுவாலி எங்க இருக்கா?

எங்க ஊரு தம்போயில எல்லாரும் என்னை வாயாடின்னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். கட்டுன புருஷன் இன்னொருத்தி முதுகைப் பத்திப் பேசறதைக் கேட்டுட்டு எவ வாயை மூடிக்கிட்டு இருப்பா?

நான் அடுப்படியில சம்பால் கிண்டிக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஹேமநாதன் வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டிருந்தாரு. அவருக்குப் பழைய சீனச் சாமான் விக்கிற கடையில வேலை. அந்தப் பக்கம் அதே கடை லாரி டிரைவர் கமலநாதன்.

"ஹுவாலி செனாய் ஊர்லதான் இருக்கா? இரு, நானே வந்து ஏத்திக்கிறேன். அலமாக், அந்த முதுகு என்ன வழவழப்பு லா! வயசாக ஆகத்தான் அழகு கூடுது. கிட்டப் போனாலே வாசம்."

'இருக்கா'ன்னா என்ன அர்த்தம்? அவ இருக்கான்னுதானே! பேரைப் பாத்தா சீனத்தி. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. என்னைப் பாத்து ஒருநாளாவது அழகுன்னு ஒரு வார்த்தை சொல்லிருப்பாரா இந்த மனுஷன்? சம்பால் தீஞ்சுபோச்சு. அது தீஞ்சதுகூடத் தெரியாம தின்னுட்டு, அவளை ஏத்திக்கிட்டு வரக் கிளம்பிட்டாரு.

மறுநாள் கல்யாணப் பட்டைக் கட்டி, தலை நிறையப் பூ வச்சு, கிராப் டாக்சி பிடிச்சுக் கடைக்கே போயிட்டேன். அவளா நானான்னு பாத்துடணும்.

"எங்க அந்த ஹுவாலி? வெளிய வரச் சொல்லுங்க!"

கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, பேந்தப் பேந்த முழிச்சிட்டு ஒரு நாற்காலியைக் காட்டினாரு.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "அடி பைத்தியமே, ஹுவாலிங்கிறது மரத்தோட பேரு! அந்தக் காலத்துல சீனாவுல பெரிய பெரிய ஆளுங்க தேடி அலைஞ்சு வாங்கின மரம். அதுல செஞ்ச இந்த நாற்காலி செனாய்ல இருக்குதான்னு கேட்டேன்டி."

எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிடுச்சு. ஆனா மனுஷன் அதோட விடலை. நாற்காலி முதுகைத் தடவிக்கிட்டே, "இந்தச் சுழியைப் பாரேன், இந்த நிறத்தைப் பாரேன்"னு கொஞ்ச ஆரம்பிச்சாரு. அந்தக் குரல்ல என் பேரை அவரு கூப்பிட்டதே இல்லை. போன எரிச்சல் ரெண்டு மடங்கா திரும்பி வந்துச்சு. பொம்பளையா இருந்தா கொண்டையைப் பிடிச்சு இழுக்கலாம். இந்தக் கட்டையை என்ன பண்றது?

கிட்டப் போனேன்.

"தள்ளி நில்லு புஷ்பா. வளையல் பட்டா கீறல் விழுந்துடும்."

நான் கட்டியிருந்த பட்டு அவரு கண்ணுக்குத் தெரியவே இல்லை. வந்துச்சே எனக்கு ஆத்திரம்! தொப்புன்னு அது மேலயே உக்காந்துட்டேன். வளையல் நாற்காலிக் கையில படார்னு மோதி உடைஞ்சுது. தவுக்கே வாயைப் பொத்திக்கிட்டாரு.

மனுஷன் பதறி ஓடி வந்து என் முன்னாடி மண்டி போட்டாரு. அவரு முகத்தை அவ்வளவு கிட்டத்துல பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எனக்கு மனசு இளகிடுச்சு. மணிக்கட்டுல லேசா ரத்தம். கையை நீட்டினேன்.

அவரு அந்தக் கையை ஒதுக்கிட்டு, அடியில இருந்த மரத்தைத் தடவித் தடவிப் பாத்தாரு.

"நல்லவேளை"ன்னாரு. "ஒண்ணும் ஆகலை."