பன்னிரண்டரை மணிக்குச் செத்த ஊர்

"இதுவும் செத்த ஊர்தான்," என்று காரை நிறுத்தாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டான் கெர்பென்.

மணி பன்னிரண்டரை. பிரான்சில் டோர்டோன் ஆற்றங்கரையில் வெர்ஞாக் என்கிற அந்த ஊரில் ஈ காக்கை இல்லை. ரொட்டிக் கடை சாத்தியிருந்தது. தபால் அலுவலகம் சாத்தியிருந்தது. வீட்டு ஜன்னல்களில் எல்லாம் மரக்கதவு இழுத்து மூடியிருந்தது. நடுத்தெருவில் ஒரு பூனை படுத்திருந்தது, காரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நிறுத்து," என்றாள் அவன் மனைவி ஹிஸ்கே.

"எதுக்கு? பூனைகிட்ட வழி கேக்கவா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

நிறுத்தினான். பின் சீட்டில் இருந்த அவன் அப்பா வோபே கண்ணைத் திறந்து, "வந்துட்டமா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் மறுபடி மூடிக்கொண்டார். அவர் பக்கத்தில் பதினேழு வயது மகள் மாரிட் போனை விட்டுத் தலையே நிமிரவில்லை.

கெர்பென் கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். நெதர்லாந்தின் வடக்கே போல்ஸ்வார்ட் என்கிற ஊரில் பால் லாரிகளுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. எந்தப் பண்ணையில் எப்போது நிற்பது, எவ்வளவு சீக்கிரம் கிளம்புவது, இதுவே நாள் பூரா. கோடை விடுமுறைக்கும் அதே கையால்தான் பாதை போடுவான். விடிந்ததும் கிளம்ப வேண்டும், மத்தியானம் ஒரு ஊர், கார் டிக்கியைத் திறந்து நின்றபடியே ரொட்டியும் பாலாடைக்கட்டியும், அப்புறம் அடுத்த ஊர். இரண்டு நாளுக்கு ஒரு படுக்கை. மாரிட் நடக்கப் பழகிய காலத்திலிருந்து பிரான்சில் அவர்கள் பார்க்காத ஆறில்லை. ஆனால் எந்த ஊரிலும் தங்கினார்கள் என்று சொல்ல முடியாது. போகிற ஊரெல்லாம் செத்த ஊராக இருந்தால் எங்கே தங்குவது?

ஹிஸ்கேயும் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுக்கு வேலை கால்வாய்ப் பாலத்தில். படகு வந்தால் தடுப்பை இறக்கிப் பாலத்தைத் தூக்குவாள். மேயர் வந்தாலும் சரி, கல்யாண ஊர்வலம் வந்தாலும் சரி, படகு போகிற வரைக்கும் நிற்க வேண்டியதுதான். போன வசந்தத்தில் இந்த டோர்டோன் பக்கத்துக்காரி ஒருத்தி படகில் வந்தாள். பாலம் ஏறுகிற நேரத்தில் பேச்சு வாக்கில், "உங்க ஊருங்க அழகுதான், ஆனா உயிரே இல்லையே," என்று ஹிஸ்கே சொல்லிவிட்டாள். அந்தப் பெண், "எந்த நேரத்துக்குப் போனீங்க?" என்று கேட்டாள். ஹிஸ்கே நேரத்தைச் சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் படகே பாலத்தூணில் இடித்திருக்கும்.

ஹிஸ்கே அதை வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் நம்புகிற ஆளா கெர்பென்? வாயால் சொல்லி அவனை மாற்றியவர் யாரும் இல்லை, அவனைப் பெற்ற வோபே உட்பட. கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தப் பெண் சொன்ன ஊர் வெர்ஞாக். ஆற்றோரம் ஒரு வீடு மூன்று வாரத்துக்குக் காலியாக இருந்தது. வீட்டுக்காரி மதாம் லாவெர்ஞ், வந்து பாருங்கள், வேண்டுமா வேண்டாமா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொன்னால் போதும் என்றிருந்தாள்.

ஹிஸ்கேக்கு இது வெறும் வீடு பிடிக்கிற விஷயம் இல்லை. செப்டம்பரில் மாரிட் படிக்க க்ரோனிங்கன் போகிறாள். தனி அறை, தனிச் சமையல், தனி வாழ்க்கை. இத்தனை வருஷ விடுமுறையில் அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை நிதானமாகச் சாப்பிட்டதில்லை. பெண் பார்த்ததெல்லாம் பெற்றோரின் பின்மண்டையை. இந்த ஒரு கோடையிலாவது அவள் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும், அது கிடைக்காவிட்டால் அப்புறம் கிடைக்கவே கிடைக்காது என்று ஹிஸ்கேக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது.

"வீட்டுக்காரம்மா கதவ தட்டினேன், திறக்கல," என்று, ஹிஸ்கே காட்டிய வீடு வரைக்கும் போய்விட்டுக் கெர்பென் திரும்பி வந்தான். "ஆளே இல்ல. சாப்டுட்டு கிளம்பலாம். மூணு மணிக்குக் குகை பாக்க டிக்கெட் போட்டிருக்கேன்."

"நாம நாலு மணி வரைக்கும் இங்க இருக்கப் போறோம்."

"என்ன பண்றதுக்கு?"

"ஒண்ணும் பண்றதுக்கில்ல. சும்மா இருக்கறதுக்கு."

"ஹிஸ்கே, விளையாடாத. குகை..."

"குகை இத்தனை ஆயிரம் வருஷமா அங்கதான இருக்கு? நாளைக்கு ஓடிடுமா?"

அவன் சாவிக்குக் கையை நீட்டினான். சாவி காரில் இல்லை. ஹிஸ்கே அதைக் கயிற்றில் கோத்து, உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்த நீச்சலுடையின் தோள்பட்டையில் முடிந்துகொண்டு படித்துறையில் இறங்கிக்கொண்டிருந்தாள். பழைய கார், பழைய இரும்புச் சாவி, நனைந்தால் ஒன்றும் ஆகாது. கெர்பென் கரையில் நின்று பெயரைச் சொல்லிக் கத்தக் கத்த, நாலு கை போட்டு ஆற்று நடுவில் இருந்த கூழாங்கல் திட்டில் ஏறி, வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"உங்கம்மாவுக்குப் பித்துப் பிடிச்சுடுச்சு," என்றான் மகளிடம்.

"நீ நீந்திப் போய் வாங்கிட்டு வாயேன்ப்பா."

"தண்ணி ஜில்லுனு இருக்கு."

"அப்போ உக்காரு."

வேறு வழி? உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பதுகூடப் பெரிய வார்த்தை. எழுந்தான், மணி பார்த்தான், பூட்டாத டிக்கியைத் திறந்து மகளுக்கும் அப்பாவுக்கும் ரொட்டியை நீட்டித் தானும் நின்றபடியே தின்றான், காரைச் சுற்றி வந்தான், டயரை உதைத்துப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். பெஞ்சில் வோபே தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தார். மாரிட் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் தொங்கப்போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பிக்குள்ளிருந்து வோபேவின் குரல் வந்தது.

"கெர்பென்."

"என்னப்பா?"

"செத்த ஊர்ல யாருடா பூண்டு வதக்கறது?"

கெர்பென் மூக்கை உறிஞ்சினான். பூண்டுதான். வாத்துக் கொழுப்பில் பூண்டு. ஒரு வீட்டிலிருந்து இல்லை, தெரு முழுக்க. இப்போது காதும் திறந்துகொண்டது அவனுக்கு. மூடிய மரக்கதவுகளுக்குப் பின்னால் தட்டு மோதுகிற சத்தம், கண்ணாடி டம்ளர் மோதுகிற சத்தம், ஒரு ஆள் ஏதோ சொல்ல ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். ஊரே உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தட்டிய ஆளுக்குத் திறக்காததும் அதனால்தான். இந்தப் பக்கத்தில் சாப்பாட்டு வேளையில் கதவைத் தட்டுகிறவன் ஒன்று தீயணைப்புக்காரனாக இருப்பான், இல்லை இங்கிதம் தெரியாதவனாக இருப்பான்.

பால் லாரிக்குப் பாதை போடுகிறவனுக்கு மத்தியானச் சாப்பாடு என்பது கால் மணி நேர வேலை. அவன் ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான். உலகம் முழுக்க அப்படித்தான் என்று அவனும் நினைத்துவிட்டான், பாவம்.

மாதா கோயில் மணி அடித்து வெகு நேரம் கழித்து முதல் ஜன்னல் திறந்தது. அப்புறம் எதிர் வீட்டு ஜன்னல். பிறகு எண்ண முடியவில்லை. முலாம்பழக் கூடையோடு ஒருத்தி வந்தாள். முடிவெட்டுகிறவர் நாற்காலியை வாசலில் போட்டார், வெட்டிக்கொள்ள வந்தவன் தலையைக் கொடுத்துவிட்டு ஊர் வம்பை ஆரம்பித்தான். பிள்ளைகள் துண்டும் கையுமாகப் படித்துறைக்கு ஓடி, பூனையைத் தாண்டி, கெர்பெனின் காலை மிதித்து, தொப்பென்று ஆற்றில் குதித்தார்கள். அவன் சட்டை நனைந்தது.

மதாம் லாவெர்ஞ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஊருக்கே பஞ்சாயத்து பண்ணுகிற உடம்பும் குரலும்.

"எப்ப வந்தீங்க?"

"பன்னெண்டரைக்கு," என்றான் கெர்பென், தனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில்.

"பன்னெண்டரைக்கா! ஐயோ கடவுளே, இவ்வளவு நேரமா வெயில்ல? சாப்டீங்களா?"

"நின்னுக்கிட்டே சாப்டோம்."

"நின்னுக்கிட்டா?" அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. யாராவது செத்துப்போனதாகச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு பதறியிருக்க மாட்டாள். "உங்களுக்கு யாரு என்ன கெடுதல் பண்ணாங்க?"

திட்டிலிருந்து ஹிஸ்கே நீந்தி வந்து கரையேறினாள். ஈரம் சொட்டச் சொட்ட வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். பெரிய வீடு ஒன்றுமில்லை. கீழே சமையலறை, மேலே படுக்கை அறைகள், பின்னால் வால்நட் மரத்தடியில் ஒரு நீள மேசை, மேசையிலிருந்து நேரே ஆற்றுக்குப் படி. கெர்பென் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மரத்தடியில் நின்று விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த லோயர் ஆத்துப் பக்கத்து ஊரு," என்றான் மெதுவாக.

"அதுவும்தான்," என்றாள் ஹிஸ்கே.

"அந்தக் கல்லுப் பாலத்து ஊரு?"

"அதுவும்தான், கெர்பென்."

"எல்லாரும் உள்ள சாப்டுட்டு இருந்திருக்காங்க!" தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். "இத்தன வருஷம்! உனக்கு எப்ப தெரியும்?"

"வசந்தத்துலேர்ந்து."

"கல்லுளிமங்கி!"

மதாம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேசி முடிவு பண்ணுங்க," என்று போனாள். அந்தக் குடும்பத்தில் எதுவாக இருந்தாலும் நாலு பேரும் வாயைத் திறந்து 'சரி' சொல்ல வேண்டும். நாய் வாங்குவதோ சுவருக்கு வண்ணம் அடிப்பதோ, ஒருத்தர் தலையாட்டாவிட்டால் அது படுத்துவிடும். அவர்கள் பக்கமே அப்படித்தான், கடலுக்குக் கரை கட்டி வாழ்கிறவர்கள் ஒருத்தரை விட்டுவிட்டு முடிவெடுக்கப் பழகவில்லை.

"எனக்கு சரி," என்றார் வோபே. "கார்ல உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே இல்ல."

"சரி," என்றான் கெர்பென். "குகைய ரத்து பண்ணிடறேன்."

ஹிஸ்கேக்கு உள்ளுக்குள் துள்ளியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

"எனக்கு வேணாம்," என்றாள் மாரிட்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவோட பிளான்ல வெள்ளிக்கிழமை பெர்ஜெராக் வருது. அங்க ஸ்டேஷன் இருக்கு. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கடற்கரைல கேம்ப் போட்டிருக்காங்க. நான் அங்கேர்ந்து ரயில் ஏறிடலாம்னு இருந்தேன்."

"எங்ககிட்ட சொல்லாமயா?" என்றான் கெர்பென்.

"எப்ப சொல்றது? கார்ல நீ ரோட்ட பாப்ப, அம்மா மேப்ப பாப்பா, தாத்தா தூங்குவாரு. உங்க மண்டைகிட்டயா சொல்றது?"

"ஏய், நான் தூங்கல," என்றார் வோபே. யாரும் காதில் வாங்கவில்லை.

எல்லாரையும் நிறுத்தி வைத்தாயிற்று, யாருக்காக ஹிஸ்கே நிறுத்தினாளோ அந்த ஒருத்தி மட்டும் கிளம்புகிறாள். 'போகாதே' என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் பிடித்து வைத்தால் மாரிட் இருப்பாள்தான். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மூன்று வாரமும் இருப்பாள். அந்த முகத்தைப் பார்க்கவா இவ்வளவு பாடும்?

"எப்ப திரும்பி வருவ?" என்று கேட்டாள்.

"வரல. அப்படியே அவங்களோட ஊருக்குப் போயிடுவேன்."

"ஏன்?"

"எங்கம்மா வர்றது?" மாரிட் கோப்பையைத் தள்ளி வைத்தாள். இப்போதுதான் நேராக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டு நாளைக்கு ஒரு ஊர். நான் இறங்கினதும் நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. உங்கள தேடிட்டு நான் பிரான்ஸ் பூரா அலையணுமா?"

கேட்டதும் ஹிஸ்கேக்குச் சுருக்கென்றது. அவள் ஓடுகிறாள் என்று நினைத்தோமே, அவளுக்கு வந்து சேர ஒரு இடம் நாம் வைத்திருக்கவே இல்லையே என்று நினைத்தாள்.

"போயிட்டு வா," என்றாள். அழுகை வந்தது, ஆனால் குரல் ஆடவில்லை. "பக்கத்துல சார்லாவுலேர்ந்து ரயில் இருக்கு, அப்பா கொண்டுபோய் விடுவாரு. நாங்க இங்கதான் இருப்போம். மூணு வாரமும் இதே மேசைலதான் இருப்போம். நீ எப்ப வந்தாலும் நாங்க இருப்போம்."

"நெஜமாவா? அப்பா இருப்பாரா?"

எல்லாரும் கெர்பெனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து காருக்குப் போனான். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. ஊர் உருளைக்கிழங்கு ஒரு மூட்டை இல்லாமல் அந்தக் குடும்பம் எல்லை தாண்டியதே கிடையாது. அதைத் தோளில் சுமந்து வந்து, சமையலறையில் கொண்டுபோய் இறக்கி, வெளியே வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இனிமே இத திருப்பி ஏத்தற தெம்பு எனக்கு இல்ல," என்றான்.

மாரிட் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

"அப்போ சரி," என்றாள். "வெள்ளிக்கிழமை போயிட்டு திங்கட்கிழமை வந்துடறேன். எனக்கும் சேத்து சமைங்க."

மதாம் லாவெர்ஞ் காபிக் கோப்பைகளை எடுக்க வந்தாள். "என்ன முடிவு? எத்தன பேரு?" என்று கேட்டாள்.

"நாலு பேரு," என்றாள் ஹிஸ்கே, கண்ணைத் துடைக்காமலே. "நடுவுல கொஞ்ச நாள் மூணு பேரு. அப்புறம் மறுபடியும் நாலு பேரு."