முப்பத்தொரு ஜோடி ஷூ

சர்வாதிகாரி அப்பன் ஆண்டு, மகன் ஆண்டு, மகனும் விமானமேறி ஓடிய பிறகு, தலைநகர் போர்த்தோ பிரின்சில் புதிய அரசு ஓர் ஆவணக் காப்பகம் திறந்தது. பழைய சிறைப் பேரேடுகளெல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. பொறுப்பாளராக முசியே கலிக்ஸ்த் அமர்ந்தார். அந்தப் பேரேடுகளை அவரளவுக்குக் கரைத்துக் குடித்தவர் நாட்டிலேயே இல்லையாம். எப்போது குடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. புது அரசுக்கு ஆயிரம் வேலை.

இஸ்மேலி மூன்றாவது முறையாக அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சிறையில் செத்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் வாசிக்கப்போகிறார். காப்பகம் சான்றிதழ் தந்த பெயர்களை மட்டும். கணவன் ஒரேலியுஸின் பெயர் அதில் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கவலை. அவனைச் சிறைக்குக் கொண்டுபோய் இருபத்துமூன்று வருடமாகிறது. அந்தக் காலத்தில் பிடிபட்டவனுக்காக மனைவி துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தினால் அவளையும் வண்டியில் ஏற்றுவார்கள். அதனால் பூப்போட்ட கவுனிலேயே விதவையாக இருந்து தீர்த்தாள். இப்போதுதான் கறுப்புத் துணி எடுத்துத் தைத்து வைத்திருக்கிறாள்.

"உங்க வீட்டுக்காரர் சாகலை, மதாம். விடுதலையாயிட்டார். இதோ எழுதியிருக்கு பாருங்க."

"விடுதலையானவர் வீட்டுக்கு வரலையே, முசியே."

"அதுக்குப் பேரேடு என்ன பண்ணும்? சில ஆம்பளைங்க அப்படித்தான்."

பேரேட்டில் பெயருக்கு நேரே 'ஒரு ஜோடி கறுப்பு ஷூ திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, பக்கத்தில் கைநாட்டும் இருந்தது. இஸ்மேலி பையைத் திறந்து ஒரு ஜோடி கறுப்பு ஷூவை மேசைமேல் வைத்தாள்.

"கூரைத் தகரத்துக்கு ஆணி அடிச்சிட்டிருந்தவரை வெறுங்காலோடதான் இழுத்துட்டுப் போனாங்க. தெருவே பார்த்துச்சு. அவர்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

"ஷூ ஆவணம் ஆகாது, மதாம்."

"அவர் வாத்தியார். ஊருக்கே எழுதச் சொல்லிக்கொடுத்தவர். அவரா கைநாட்டு வெப்பார்?"

"ஜெயில்ல பேனா தர மாட்டாங்க. குத்திக்கிட்டா? கைதிங்க உயிர்மேல அவ்வளவு அக்கறை."

அவள் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். முப்பத்தொரு பேர். ஒரே நாளில் விடுதலை. எல்லோருக்கும் கறுப்பு ஷூ. அவர்களில் மீனவன் தியோழேன் ஞானஸ்நானத்துக்குக்கூடச் செருப்புப் போட்டவனல்ல. சிறை எவ்வளவு தாராளமாக நடந்துகொண்டிருக்கிறது.

கலிக்ஸ்துக்குச் சலிப்பு வந்துவிட்டது. 'சான்றிதழ் மறுக்கப்படுகிறது' என்று ஒரு தாளில் எழுதினார். தாளைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வேண்டும். இஸ்மேலி பேனாவுக்குக் கை நீட்டினாள். அதற்குள் அவர் தன் இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் அழுத்திவிட்டார்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கையெல்லாம் மையாகும்."

பழகிய கை. யோசிக்கவே இல்லை.

தாளில் பதிந்த ரேகைக்குக் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று வெள்ளைக் கோடாக ஓடியது. இஸ்மேலி தாளைப் பேரேட்டின் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். அதே கோடு. ஒரேலியுஸுக்கு நேரே, தியோழேனுக்கு நேரே, பக்கத்தின் அடிவரைக்கும் முப்பத்தொரு தடவை.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. குரல் மட்டும் மெதுவாகத்தான் வந்தது.

"என் புருஷன் ஷூவை வாங்கிக்கிட்ட ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, முசியே. அவரையே கேக்கறேன். என் புருஷன் எங்கே?"

கலிக்ஸ்த் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். வாசலில் இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இழுப்பறையிலிருந்து புதுச் சான்றிதழ்த் தாளை எடுத்து, ஒரேலியுஸின் பெயரை எழுதினார். 'இறந்த நாள்' என்ற இடம் வந்தது. அதைப் பூர்த்திசெய்ய அவர் எந்தப் பேரேட்டையும் திறக்கவில்லை. தேதியை எழுதினார். கேட்காமலேயே நேரத்தையும் எழுதினார்.